சேனல் 16: காசிமேட்டு லாஞ்ச்சும் வெளிநாட்டுக் கப்பலும்

விசைப்படகு டிரைவர்:
ஹார்பரைத் தாண்டினா எதிர்ல வர்ற கப்பல்ல இருக்கிறவர் எந்த நாட்டுக்காரரோ தெரியாது. ஆனா அவரும் நாமளும் சேர்ந்து கேட்கிற அலை ஒண்ணு உண்டு: விஎச்எஃப் ரேடியோ செட்டுல சேனல் 16, 156.8 மெகாஹெர்ட்ஸ். அதுல "பிக் ஷிப், பிக் ஷிப்"னு கத்தினா ஒருத்தரும் திரும்ப மாட்டாங்க, அங்க எல்லாமே பிக் ஷிப்தான். ஏஐஎஸ் திரையில (சுத்தி இருக்கிற கப்பல்களைக் காட்டுற கருவி) பேர் தெரிஞ்சா பேரைச் சொல்லணும், இல்லேன்னா கப்பல் நிக்கிற இடத்தைச் சொல்லணும். பதில் வந்ததும் 8 அல்லது 72க்கு மாறிடணும். 16ல கதை பேசக் கூடாது. இங்கிலீஷ் இலக்கணத்தைப் பத்திக் கவலை வேண்டாம். "நெட் ஒன் மைல், பிஹைண்ட் மீ" போதும், வலை எந்தப் பக்கம்னு அவருக்குப் புரியும்.

எண்ணுலதான் கோட்டை விடுறாங்க. ஜிபிஎஸ் 13.10 டிகிரின்னு காட்டினா அது 13 டிகிரி 6 நிமிஷம். 13 டிகிரி 10 நிமிஷம்னு சொல்லிட்டா 4 நாட்டிகல் மைல் தள்ளிப் போயிடும். டிகிரியா நிமிஷமான்னு செட்டிங்கைப் பார்த்துட்டு, ஒவ்வொரு இலக்கமா "ஒன் த்ரீ, ஜீரோ சிக்ஸ்"னு சொல்லுங்க.

படகு எலக்ட்ரிக்கல் வேலை:
25 வாட்ஸ் செட் வாங்கிட்டா எட்டும்னு நினைக்கிறது தப்பு. எட்டுறது ஆன்டெனா உயரத்தைப் பொறுத்தது. ரெண்டு பக்க உயரத்துக்கும் (மீட்டர்ல) வர்க்கமூலம் எடுத்து, கூட்டி, 2.25ஆல பெருக்கினா நாட்டிகல் மைல் கணக்கு வரும். 4 மீட்டர் உயரத்துல ஆன்டெனா வெச்ச ரெண்டு லாஞ்ச்சுக்கு (விசைப்படகு) நடுவுல 9 மைல். அதே லாஞ்ச்சுக்கும் 30 மீட்டர் உயரத்துல ஆன்டெனா வெச்ச கப்பலுக்கும் கிட்டத்தட்ட 17. பக்கத்துத் தெரு லாஞ்ச் கேட்காதது கப்பலுக்குக் கேட்கும்.

பழுது வர்றது அனேகமா ஆன்டெனா அடியில கேபிளை மாட்டுற பிஎல்-259 பின்னுலதான். உப்புத்தண்ணி இறங்கி உள்ளே பச்சை பூத்துடும். பேச்சு கேட்கும், ஆனா நம்ம குரல் போகாது. டேப்பு சுத்தி மழுப்பாதீங்க, கேபிளை நல்ல செம்பு வர்ற வரைக்கும் வெட்டி, புதுப் பின் சால்டர் பண்ணி, தானா ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுத்துங்க. எஸ்டபிள்யூஆர் (அனுப்புற சக்தி ஆன்டெனாவுல போகாம எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுற அளவு) 1.5க்குள்ள இருந்தா நல்லது, 3ஐத் தாண்டினா செட்டுக்கே ஆபத்து. ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள் தடைக்காலம் இருக்கே, அப்பவே பாருங்க.

பேசும்போது செட் 5, 6 ஆம்பியர் இழுக்கும். வலை இழுத்து பேட்டரி களைச்சிருந்தா, மைக்கை அமுக்கினதும் செட் அணைஞ்சு மறுபடி ஆன் ஆகும். பழியை செட் மேல போடாதீங்க.

விசைப்படகு டிரைவர்:
ஒண்ணு விட்டுப்போச்சு. ஆபத்துன்னா "மேடே" மூணு தடவை, படகு பேர், இடம், என்ன ஆச்சு, எத்தனை பேர். கரைக்கு எட்டலேன்னாலும் கேட்ட கப்பல் "மேடே ரிலே"ன்னு தள்ளிவிடும். போன் சிக்னல் இருக்கிற தூரம்னா கடலோரக் காவல் படைக்கு 1554.

இன்னொருவர்:
செட்டுல ஆபத்துக்குக் கூப்பிடுற சிவப்பு பட்டனை நம்பி இருக்கிறவங்க ஒரு தடவை மெனுவைத் திறந்து பாருங்க. படகை அடையாளம் காட்டுற, 419ல தொடங்கற ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண் உள்ளே ஏத்தலேன்னா அந்த பட்டன் வேலை செய்யாது. ஜிபிஎஸ் வயரை இணைக்கலேன்னா கூப்பிடும், ஆனா இடம் போகாது.