மறு: பீட்மேட்சிங் – ‘தாளப் பொருத்தம்’ சரியா?

> பீட்மேட்சிங் = தாளப் பொருத்தம். நம் டிஜே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள், ஐயா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பீட்மேட்சிங் என்பது ஓடுகிற பாட்டோடு அடுத்த பாட்டின் வேகத்தையும் அடியையும் ஒன்றவைப்பது. அந்த வேலையைவிடச் சொல் பெரிதாக இருக்கிறது.

என் தங்கச்சி மகன் கன்னியாகுமரியில் ஒரு ஓட்டல் பாரில் முதல்முறையாக டிஜே செய்யப் போகிறான். நாகர்கோவில் வீட்டு மாடியில்தான் ஒத்திகை. ஓடுகிற பாட்டு நிமிடத்துக்கு 120 அடி, அடுத்தது 128. அடுத்ததை ஹெட்போனில் ஒரு காதில் மட்டும் கேட்டபடி வேகத்தைக் குறைக்கிறான். அப்புறம் அடிமேல் அடி விழும்படி லேசாகத் தள்ளிவிடுகிறான். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற இசைத்தட்டுச் சுழலியிலேயே வேகத்தை 8 சதவீதம் கூட்டவும் குறைக்கவும் முடியும். இந்த 128ஐ 120 ஆக்க அது தாராளம்.

இதில் பொருந்துவது வேகமும் அடி விழும் இடமும் மட்டுமே. நம் குத்துப்பாட்டு பலவும் திஸ்ர நடை, அதாவது ஒவ்வோர் அடியும் உள்ளே மூன்றாகப் பிரியும். கிளப் பாட்டு பெரும்பாலும் சதுஸ்ரம், நான்காகப் பிரியும். இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தாலும் உள்ளே மூன்றும் நான்கும் மோதும். திரையில் எண்கள் ஒன்றாக இருக்கும், ஆடுகிறவன் கால் ஒப்புக்கொள்ளாது. கோயில் கொடையிலும் சர்ச் திருவிழாவிலும் சிங்காரி மேளம் கேட்டு வளர்ந்த நம் ஊர்க் கூட்டம் சட்டென்று கண்டுபிடித்துவிடும். ஆகவே ‘நடைப் பொருத்தம்’ என்பதை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்வோம். பையனுக்கும் அதையே சொன்னேன்: நடை மாறும் இடத்தில் ஒட்டவைக்கப் பார்க்காதே, பாட்டை முடித்துவிட்டு அடுத்ததைப் புதிதாகத் தொடங்கு.

பீட்மேட்சிங்குக்கு என் பரிந்துரை ‘அடி சேர்த்தல்’. வினையாகவும் புழங்கும்: “அடி சேரல, கொஞ்சம் இழு” என்று சத்தத்துக்கு நடுவே கத்திச் சொல்லலாம். ‘தாளப் பொருத்தம் நிகழவில்லை’ என்று எவன் கத்துவான்? பாரில் ‘அடி’ என்றால் வேறு அர்த்தம் வரும் என்று ஒருவர் கிண்டல் செய்யக்கூடும். வரட்டும்.

கியூ பாயிண்டுக்கு, அதாவது பாட்டை எங்கிருந்து தொடங்குவது என்று டிஜே குறித்துவைக்கும் இடத்துக்கு, புதுச்சொல்லே தேவையில்லை. தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தைக் கர்நாடக இசையில் ‘எடுப்பு’ என்கிறோம். அது சமத்திலும் (தாளத்தின் முதல் அடியிலும்) இருக்கலாம், தள்ளியும் இருக்கலாம். டிஜே குறித்துவைக்கும் இடமும் அப்படித்தான். ஹெட்போனில் முன்னதாகக் கேட்பது ‘முன்கேட்பு’.

பேஸ், அதாவது பாட்டின் தாழ்ந்த கனத்த ஒலி, பேஸாகவே இருக்கட்டும். இரண்டு பாட்டின் பேஸும் ஒன்றாக ஒலித்தால் சிறிய அறையில் வெறும் இரைச்சல்தான். ஒன்றை இறக்கிவிட்டுத்தான் மற்றதை ஏற்ற வேண்டும். இந்தச் செயலுக்கு ஒரு பெயர் இன்னும் அகப்படவில்லை. ‘பேஸ் மாற்று’ எனக்கே பிடிக்கவில்லை.

வெள்ளிக்குள் யாராவது சொல்லுங்கள். பொத்தான்களுக்கு மேல் டேப் ஒட்டித் தமிழில் எழுதப்போகிறான் பையன்.