பழைய இசட்1 இன்ஜினில் டர்போ: அடித்தகடு போதுமா, பிஸ்டன் மாற்றித்தான் ஆகணுமா?

கரிப்புகை:
1973 கவாசாகி இசட்1 பைக்கின் இன்ஜினைப் பிரித்துக் கட்டி டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) ஏற்றுவதற்கான திட்டம் இது. 903 சிசி, நாலு சிலிண்டர், போர் (சிலிண்டர் விட்டம்) 66, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 66 மி.மீ., கம்ப்ரெஷன் (கலவை சுருங்கும் விகிதம்) 8.5:1. ஒரு சிலிண்டருக்கு 225.7 சிசி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 30.1 சிசி. கம்ப்ரெஷனை 7.5:1-க்கு இறக்க அது 34.7 ஆகணும். அந்த 4.6 சிசிக்கு சிலிண்டர் பிளாக் அடியில் 1.35 மி.மீ. அலுமினியத் தகடு போதும், பழைய பிஸ்டனே ஓடும். பூஸ்ட் (டர்போ கூட்டும் அழுத்தம்) 7 பிஎஸ்ஐ. கார்புரேட்டர் ஒன்றே ஒன்று, டர்போவுக்கு முன்னால். எதிர்ப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

அச்சாணி:
கணக்கு சரி. தகடுதான் தப்பு. பிளாக் 1.35 மி.மீ. உயர்ந்தால் ஹெட்டும் கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கூடவே உயரும். கேமைச் சுழற்றும் செயினின் இறுக்கமான பக்கம் அவ்வளவு நீள, கேம் பின்தங்கும். கேம் ஸ்ப்ராக்கெட் ஆரம் 30 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் கேமில் 2.6 டிகிரி, கிராங்கில் 5 டிகிரிக்கு மேல். இரண்டாவது, பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடுக்கு விரிகிறது. அங்கே தேங்கும் கலவை கடைசியில் தானாகப் பற்றி வெடிப்பதுதான் நாக்கிங். கம்ப்ரெஷனைக் குறைத்து வாங்கிய லாபத்தில் பாதி இதிலேயே போய்விடும். மூன்றாவது, அம்பது வருஷத்து வார்ப்புப் பிஸ்டன். நாக்கிங் வந்தால் முதலில் உடைவது ரிங் பள்ளங்களுக்கு நடுவே உள்ள மெல்லிய சுவர். கம்ப்ரெஷன் குறைந்த ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் போடுங்கள்.

கரிப்புகை:
கேம் பின்தங்குவதற்கு மருந்து இருக்கிறது அண்ணே. ஸ்ப்ராக்கெட் போல்ட் துளையை நீளவாக்கில் அறுத்து, டிகிரி வீல் (கோணம் குறித்த வட்டு) வைத்து கேமைத் திரும்பப் பழைய இடத்தில் பூட்டலாம். இடுக்கு வாதமும் இந்த ஹெட்டுக்குப் பெரிதாகப் பொருந்தாது. இரண்டு வால்வு, அரைக்கோள அறை. விரிந்து கெட்டுப்போக அங்கே பெரிய ஸ்குவிஷ் பட்டையே (பிஸ்டன் விளிம்பு ஹெட்டை நெருங்கிக் கலவையை நசுக்கும் இடம்) இல்லை.

நாலுவால்வு:
இரண்டு பேரும் பிஸ்டனிலேயே நிற்கிறீர்கள். எனக்குக் கார்புரேட்டர்தான் கவலை. அதை டர்போவுக்கு முன்னால் வைத்தால், த்ராட்டிலை மூடியதும் கம்ப்ரெஸர் பக்கம் வெற்றிடம் உண்டாகி, பேரிங்கில் இருந்து எண்ணெயை உறிஞ்சும். சாதாரண ரிங் சீல் அதைத் தாங்காது, கார்பன் சீல் உள்ள டர்போதான் வேண்டும். அதோடு டர்போவில் இருந்து ஹெட் வரை உள்ள குழாய் முழுக்கப் பற்றும் கலவை. இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவி) வைக்க வழியில்லை. ஒரு முறை பின்வெடித்தால் பிளீனம் (சிலிண்டர்களுக்குப் பிரியும் முன் கலவை நிற்கும் பெட்டி) பிளக்கும். அழுத்தம் திறந்துவிடும் பாப்-ஆஃப் வால்வு இல்லாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கரிப்புகை:
கார்பன் சீலும் பாப்-ஆஃப் வால்வும் பட்டியலில் இருக்கின்றன. 1978-இல் விற்பனைக்கு வந்த இசட்1ஆர்-டிசியும் கார்புரேட்டர் முன்னால் வைத்த அமைப்புதான். இன்டர்கூலர் இல்லாத குறையைப் பெட்ரோல் ஆவியாகும் குளிர்ச்சி ஓரளவு ஈடுகட்டும். கார்புரேட்டரைப் பின்னால் வைத்தால் அங்கேயும் தொல்லை உண்டு: ஃப்ளோட் பவுலின் (கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்) காற்றுத் துளையை பிளீனத்தோடு இணைக்கணும். மறந்தால் பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் ஜெட்டில் ஏறாது, கலவை மெலிந்து பிஸ்டனில் ஓட்டை விழும். டாங்கில் இருந்து தானாக இறங்குவதும் நின்றுவிடும். 7 பிஎஸ்ஐ பூஸ்டுக்கு பம்பில் 10 பிஎஸ்ஐ வேண்டும், பூஸ்டோடு சேர்ந்து ஏறும் ரெகுலேட்டரும் வேண்டும்.

நாலுவால்வு:
அந்தத் தொல்லை ஒரு முறை சரியாகக் கட்டினால் தீர்ந்தது. சூடு தீராது. 30 டிகிரி காற்றை 7 பிஎஸ்ஐக்கு அழுத்தினால், 65 சதவீதத் திறனுள்ள கம்ப்ரெஸரில் அது சுமார் 85 டிகிரியாக வெளிவரும். ஆவியாதலை மட்டும் நம்பினால் நீண்ட ஏற்றத்தில் நாக்கிங் பிடிக்கும். காற்றில் குளிரும் ஹெட் இது, தப்பிக்க வேறு வழியில்லை.

அச்சாணி:
காற்றுக் குளிர்ச்சியைக் குறையாகச் சொல்ல வேண்டாம் சகோ. 1984 ஜிபிஇசட்750 டர்போவும் காற்றில் குளிர்வதுதான், இன்டர்கூலரும் இல்லை. ஆனால் கம்ப்ரெஷன் 7.8:1, பெட்ரோல் இன்ஜெக்ஷன். இசட்1-இன் பலவீனம் கீழே இருக்கிறது. கிராங்க் துண்டு துண்டாக அழுத்திச் சேர்த்தது. பவர் ஏறினால், குறிப்பாக கிளட்சை வெடுக்கென்று விட்டால், கிராங்க் பின் (துண்டுகளை இணைக்கும் உருளைத் தண்டு) அதன் துளையிலேயே திரும்பிவிடும். அப்புறம் டைமிங் சிலிண்டருக்கு சிலிண்டர் மாறும், அதிர்வு வரும். டயல் கேஜ் வைத்து 0.03 மி.மீ.-க்குள் நேராக்கிவிட்டு, அந்தக் கிராங்க் பின்னின் முனைகளை டிக் வெல்ட் செய்யணும். பக்கம் மாற்றி மாற்றிச் சின்னச் சின்னதாக. எர்த் கிளாம்பை வெல்ட் பிடிக்கும் அதே கிராங்க் தட்டில் மாட்டணும். வேறு தட்டில் மாட்டினால் கரண்ட் உருளைகள் வழியே பாய்ந்து பேரிங்கில் புள்ளி விழும். முடிந்ததும் திரும்ப அளந்து பார்க்கணும். வெல்டிங் கோணலை நேராக்காது, அப்படியே பூட்டிவிடும்.

கரிப்புகை:
வெல்டிங்கை ஏற்கிறேன், அதைக் குறைத்துத்தான் மதிப்பிட்டிருந்தேன். தகட்டில் மாறவில்லை, ஏழு பிஎஸ்ஐதான். பழைய பிஸ்டனிலேயே மேல் ரிங் இடைவெளியை 0.26-இல் இருந்து 0.40 மி.மீ. ஆக்குகிறேன். சூட்டில் முனை முட்டாது.

அச்சாணி:
ரிங் முனை முட்டுவதற்கு அது மருந்து. நாக்கிங்குக்கு அல்ல. தகடுதான் என்றால் இக்னிஷனாவது மாற வேண்டும். பாயிண்ட் வேண்டாம். பூஸ்ட் பார்த்துப் பின்வாங்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷன், ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி என்று ஆரம்பியுங்கள். பிளக் பி8இஎஸ்-க்குப் பதில் பி9இஎஸ், இடைவெளி 0.6 மி.மீ. வைடுபேண்ட் சென்சார் (புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதம் அளப்பது) பூஸ்டில் 11.5-க்கும் 12-க்கும் நடுவே காட்டாதவரை த்ராட்டிலை முழுசாகத் திறக்காதீர்கள்.

நாலுவால்வு:
எண்ணெயை யாரும் தொடவில்லை. உருளை பேரிங் கிராங்குக்குப் பாய்ச்சல் இருந்தால் போதும் என்பதால் இந்த இன்ஜினில் எண்ணெய் அழுத்தமே குறைவு. டர்போ தண்டு மிதப்பதோ எண்ணெய்ப் படலத்தில். வேறு இன்ஜின்களில் போடுவது போல டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாயில் ரெஸ்ட்ரிக்டர் (பாய்ச்சலைக் குறைக்கும் சிறு துளை) போட்டுவிடாதீர்கள், பம்ப் வெளியேற்றத்துக்கு அருகிலேயே எடுங்கள். திரும்பும் குழாய் உட்துளை 12 மி.மீ.-க்குக் குறையக் கூடாது, வளைந்து தொங்கக் கூடாது, சம்பில் (இன்ஜின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) எண்ணெய் மட்டத்துக்கு மேலே நுழையணும். டர்போ அதைவிடத் தாழ இருந்தால் உறிஞ்சும் பம்ப் தனியாக வேண்டும். இது தப்பினால் நீலப்புகை வரும், எல்லாரும் கார்பன் சீல் போய்விட்டது என்று டர்போவைக் கழற்றுவார்கள். முதலில் அந்தக் குழாயைக் கழற்றிப் பாருங்கள்.