கருங்கல் பாவிய செங்குத்து ஏற்றத்தில் ஏறி வந்தவரைப் படமெடுப்பது: களைப்பு ஏன் படத்தில் விழமாட்டேங்குது?

கென்ட்வாசி கேட்டது:

வணக்கம். பெல்ஜியத்தின் டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் சைக்கிள் பந்தயத்துக்கு முந்தைய நாள் சனிக்கிழமை சாதாரண ஆட்கள் அதே கல் ஏற்றங்களில் ஓட்டுவார்களே, அதில் ஏறி முடித்து மூச்சு வாங்கி நிற்பவர்களை எடுக்க வேண்டும். ஃபுல் ஃப்ரேம் பாடி, 24-70 எஃப் 2.8, 85 எஃப் 1.8 லென்ஸ்கள் கையில் இருக்கிறது. போன முறை எடுத்ததில் நான்கு கோளாறு: ஹெல்மெட்டுக்குக் கீழே கண் இருக்கிற இடம் இருட்டு, முகம் தக்காளி மாதிரி, ஏற்றம் தட்டையாகத் தெரிகிறது. நாலாவதுதான் பெரிய தலைவலி. ஆள் செத்துச் சுண்ணாம்பாகி நின்றாலும் படத்தில் பிக்னிக் வந்தவர் மாதிரி இருக்கிறார். அந்தக் கல் ஏற்றங்களில் கோப்பன்பெர்க் போவதா, பாட்டர்பெர்க் போவதா?

சங்கிலிக்காரன்:

நாலாவது கோளாறு கேமராவில் இல்லை, நீங்கள் நிற்கிற இடத்தில் இருக்கிறது.

கோப்பன்பெர்க் 600 மீட்டர், சராசரி 11.6 சதவீதம், உச்சபட்சம் 22. இரண்டு பக்கமும் மண்மேடு, ஒடுங்கின பாதை. அங்கே ஒருத்தர் காலை ஊன்றினால் பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் இறங்க வேண்டியதுதான். அந்தச் சரிவில், அதுவும் ஈரக் கல்லில், மறுபடி ஏறி க்ளீட்டை (ஷூ அடியில் இருக்கும் கொக்கியை) பெடலில் மாட்டுவது நடக்காத காரியம். பந்தய வீரர்களுக்கே இந்த கதிதான். 1987இல் டென்மார்க் வீரர் யெஸ்பர் ஸ்கிபி அங்கே விழுந்ததும், பின்னால் வந்த அதிகாரிகளின் கார் அவருடைய சைக்கிள் மேலேயே ஏறிப் போனது. அதன்பிறகு 2002 வரை அந்த ஏற்றத்தைப் பந்தயத்தில் சேர்க்கவில்லை. ஆக, மேலே வருபவர்களில் பலர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருபவர்கள். தள்ளி வந்தவர் முகத்தில் எரிச்சல் இருக்கும். ஓட்டி வந்தவர் முகத்தில் ஒன்றுமே இருக்காது, வாய் மட்டும் திறந்திருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது ஆள்.

அதற்கு பாட்டர்பெர்க். 360 மீட்டர்தான், ஆனால் சராசரி 12.9, உச்சம் 20. மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் மூன்றரை நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும். அவ்ட குவாரமாண்ட் என்கிற நீண்ட கல் ஏற்றம் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடும், அதனால் காலில் சரக்கு மிச்சமிருக்காது. சுற்றிலும் திறந்த வயல், வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை.

உச்சியிலேயே நிற்காதீர்கள். யாரும் அங்கே நிற்பதில்லை, சமதளம் வந்து இருபது முப்பது மீட்டர் உருண்டு போய்த்தான் ஓரம் கட்டுவார்கள். நின்ற முதல் அரை நிமிஷம்தான் உங்கள் நேரம். நெற்றி ஹேண்டில்பாரில் சாயும், முதுகு ஏறி இறங்கும். விரல்கள் பிரேக் பிடியை விட்ட பிறகும் கொக்கி மாதிரி மடங்கியே இருக்கும். அப்புறம் நிமிர்வார், தண்ணீர் பாட்டிலை எடுப்பார், கடைசியில் கைபேசி வெளியே வரும். அது வந்துவிட்டால் முகம் சிரிக்க ஆரம்பித்துவிடும். உங்கள் பிக்னிக் படங்கள் எல்லாம் அந்த நேரத்தில் எடுத்தவையாகத்தான் இருக்கும்.

ஒளிமானி:

கண் இருட்டு: மேகம் மூடிய நாளில் வெளிச்சம் நேர் மேலேயிருந்து விழும். ஆள் வேறு தலையைக் குனிந்திருப்பார். முட்டி போட்டு, கேமராவை அவர் ஹேண்டில்பார் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். தரையிலிருந்து திரும்பும் வெளிச்சம் விழுகிற தாடையும் கண்ணும் அங்கிருந்து தெரியும். எக்ஸ்போஷரை +0.7 ஏற்றுங்கள். வெள்ளை வானமும் மினுக்கு மஞ்சள் ஜாக்கெட்டும் மீட்டரை ஏமாற்றி முகத்தைக் கருக்கடித்துவிடும். ஆனால் ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில்) சிவப்புக் கோட்டைத் தனியாகப் பாருங்கள். அது வலது ஓரத்தில் முட்டினால் +0.3 போதும். ரத்தம் ஏறிய முகத்தில் சிவப்புதான் முதலில் வெடிக்கும், மொத்த ஹிஸ்டோகிராம் அதைக் காட்டாது.

தக்காளி முகம்: ஆட்டோ வொயிட் பேலன்ஸை (கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்வதை) அணையுங்கள், 5500 அல்லது 6000 கெல்வினில் நிறுத்திவிட்டு ரா (RAW) கோப்பாக எடுங்கள். எடிட்டிங்கில் சிவப்பின் ஹ்யூவை (நிறச் சாயலை) ஆரஞ்சுப் பக்கம் 5–10 நகர்த்தி, அதன் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) மட்டும் 10–15 குறையுங்கள். முழுசாகத் துடைத்தால் நோயாளி மாதிரி ஆகிவிடும்.

85ஐ எஃப் 1.8இல் திறந்து வைத்து இரண்டு மீட்டரில் எடுத்தால் ஃபோகஸ் ஆழம் 6 செ.மீ.தான். மூச்சு வாங்குகிற ஆளின் தலையே அவ்வளவு ஆடும். எஃப் 4க்கு வந்தால் 13 செ.மீ. கிடைக்கும். ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ ஆட்டோ, மேல் வரம்பு 6400. கண்ணாடி போட்டிருந்தால் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஐ ஃபோகஸ் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, நமக்குக் கிட்ட உள்ள கண்ணில் வையுங்கள்.

கென்ட்வாசி:

நன்றி சார். கண்ணுக்கு ஃப்ளாஷ் கொஞ்சம் தட்டினால் என்ன?

ஒளிமானி:

கேமரா மேலேயே வைத்துத் தட்டினால் ஒவ்வொரு வியர்வைத் துளியும் வெள்ளைப் புள்ளியாகிவிடும், அம்மை போட்ட மாதிரி. வியர்வை பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் பளபளக்கும். ஏறிக்கொண்டிருப்பவர் முகத்தில் அடிக்கவே அடிக்காதீர்கள், கண் கூசி விழுந்துவிடுவார்.

பாவுகல்:

ஏற்றம் தட்டையாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், மேலேயிருந்து கீழே பார்த்து எடுப்பது. நம் பார்வையும் சாலையும் ஒரே திசையில் சாய்வதால் சரிவு காணாமல் போகிறது. 20 சதவீதம் என்றாலே 11 டிகிரிதான், அதைத் தொலைப்பது சுலபம். கீழேயிருந்து 135 அல்லது 200 மி.மீ. லென்ஸில் பார்த்தால் கல் எல்லாம் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். ஃப்ளெமிஷ்காரர்கள் இந்த உருண்டைக் கற்களைக் குழந்தைத் தலை என்பார்கள்; ஏன் என்று அப்போது புரியும். கேமராவைச் சாய்த்துச் சரிவைக் கூட்டிக் காட்டுகிற வேலை வேண்டாம், பின்னால் ஒரு கம்பம் இருந்தால் குட்டு உடைந்துவிடும்.

மேலே நிற்பவரை எடுக்கும்போது, அவருக்குப் பின்னால் சாலை இறங்குகிற விளிம்பு வரும்படி நில்லுங்கள். அடுத்து வருபவர்களின் ஹெல்மெட் மட்டும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். ஏற்றத்தைச் சொல்ல அதுவே போதும்.

முகத்தோடு நின்றுவிடாதீர்கள். காய்ந்த நாளில் கறுப்பு ஜெர்சியிலும் ஹெல்மெட் வாரிலும் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். மழை நாளில் உப்பு இருக்காது, சேறு இருக்கும். கண்ணாடியைக் கழற்றியதும் கண்ணைச் சுற்றி மட்டும் சுத்தமான இரண்டு வட்டம், மற்றதெல்லாம் மண். கண்ணாடியில் கை போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். கழற்றின கையோடு துடைத்துவிடுவார்கள்.

சங்கிலிக்காரன்:

ஒன்று விட்டுப்போச்சு. பெல்ஜியத்தில் ஒருவரைத் தனியாக, அடையாளம் தெரிகிற மாதிரி எடுத்து வெளியிட அவர் ஒப்புதல் வேண்டும். மூச்சு வாங்குகிறவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், கேமராவைத் தூக்கிக் காட்டினாலே போதும். தலையசைத்தால் மூன்று நான்கு ஃப்ரேம், அதோடு நிறுத்திவிட்டு, அவர் தண்ணீர் குடித்தபின் திரையைக் காட்டி "மஃக் டட்?" (டச்சில் "இது பரவாயில்லையா?") என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னாலேயே அழியுங்கள்.

வெளிறிப்போய், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பேச்சுக் குழறினால் அது களைப்பு இல்லை. கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள்.