பாட்காஸ்ட் நடத்துறவங்க மேல நம்பிக்கை போச்சு. பழைய எபிசோடுகளை என்ன பண்றது?

மஞ்சக்குப்பம் வாசகி:
கடலூர்–புதுச்சேரி பஸ்ல நிறைய பேர் கேட்கிற தமிழ் உளவியல் பாட்காஸ்ட் அது. போன வாரம் அதுல ஒருத்தர், தன்பாலீர்ப்பு ஒரு நோய், பத்து கவுன்சலிங்ல மாத்திடலாம்னு சொல்றார். இன்னொருத்தரும் ஆமா போடுறார். தூக்கம், பதற்றம் பத்தி முன்னாடி சொன்னதுல எதை வெச்சுக்கலாம், எதை விடணும்? எப்படிப் பிரிக்கிறது?

கோரிமேடு:
இதைக் கருத்துன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுங்க. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை 1973-லயே நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்தாச்சு. உலக சுகாதார நிறுவனம் 1990-ல. 2021 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றம் இந்த 'மாத்துற' சிகிச்சையே கூடாதுன்னு சொல்லிடுச்சு. புதுச்சேரியும் அந்த கோர்ட் எல்லைக்குள்ளதான். 2022-ல தேசிய மருத்துவ ஆணையம், டாக்டர் இதைச் செஞ்சா தொழில் ஒழுங்கீனம்னு அறிவிச்சுது. அவங்க யாருக்கு ஓட்டுப் போடுறாங்கங்கிறதால தூக்கத்தைப் பத்திச் சொன்னது கெடாது. ஆனா சொந்தத் துறையில அரை நூற்றாண்டா தெரிஞ்ச விஷயமே தெரியலைன்னா, மத்ததையும் ஒருமுறை சரிபார்க்கத்தான் வேணும்.

முத்தியால்பேட்டை:
மொத்தமா தூக்கிப் போடாதீங்க. தூக்கம் வந்தாத்தான் படுக்கணும், 15–20 நிமிஷம் புரண்டுட்டே இருந்தா எழுந்து வேற இடத்துல உட்காரணும், ராத்திரி எப்ப தூங்கினாலும் காலையில ஒரே நேரத்துக்கு எழணும். இதெல்லாம் அவங்க சரக்கே இல்ல. 1970-கள்ல இருந்து சோதிச்சுப் பார்த்த முறை. பலரும் கோட்டை விடுறது அந்த 20 நிமிஷத்துல: போனை எடுத்து எடுத்து மணி பார்த்தா இருக்கிற தூக்கமும் போயிடும். குத்துமதிப்பு போதும்.

அவங்களை எடை போட ஒரு வழி இருக்கு. இடுப்புல கைவெச்சு ரெண்டு நிமிஷம் விறைப்பா நின்னா ஹார்மோன் மாறும்னு எபிசோடு போட்டிருக்காங்களா, தேடுங்க. 2010-ல 42 பேரை வெச்சு வந்த ஆய்வு அது. 2015-ல 200 பேரை வெச்சுத் திரும்பச் செஞ்சா ஹார்மோன் அசையல. முதல் ஆய்வாளர் டேனா கார்னியே 2016-ல, இந்த விளைவு நிஜம்னு நம்பலைன்னு எழுதிட்டார். மன உறுதி பேட்டரி மாதிரி தீரும்ங்கிறதும் இதே கதி: 2016-ல 23 ஆய்வுக்கூடங்கள்ல 2,100-க்கு மேற்பட்டவங்க, விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். இதுக்கெல்லாம் திருத்தம் சொன்னாங்களா? சொல்லலைன்னா உங்க சந்தேகம் சரி.

தேவனாம்பட்டினம்:
தகுதியையும் பாருங்க. எம்.ஏ. உளவியல் படிச்சா மட்டும் மருத்துவ உளவியலாளர் ஆகிட முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவேட்டுல பேர் இருக்கணும். ஆன்லைன்லயே தேடலாம். பேருக்கு முன்னாடி 'டாக்டர்' இருந்தா எதுல முனைவர்னும் பாருங்க.

முத்தியால்பேட்டை:
பதிவு இருந்தா ஆய்வைச் சரியா படிக்கிறாங்கன்னு அர்த்தம் ஆகாது சகோ. ரெண்டும் வேற.

மஞ்சக்குப்பம் வாசகி:
பதற்றம் எபிசோடுல காகிதப் பைக்குள்ள மூச்சு விடச் சொல்றாங்களே, அது?

கோரிமேடு:
அதை உடனே விடுங்க. படபடப்பு ஆஸ்துமாவாலயோ மாரடைப்பாலயோ வந்திருந்தா, பையில ஆக்சிஜன் இன்னும் குறைஞ்சு ஆபத்தாகும். மெதுவா, மூச்சை வெளிய விடுறது உள்ள இழுக்கிறதைவிட நீளமா இருக்கிற மாதிரி விட்டா போதும். நெஞ்சு வலியும் சேர்ந்திருந்தா 108. அடிக்கடி வந்தா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ், 14416, தமிழ்லயே பேசலாம்.