பூட்டான் போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். மார்ச்சில் சொந்தக்காரர்களும் நண்பர்களுமாக 12 பேர் பூட்டான் போகிறோம். 1974 வரை சுற்றுலாவுக்குக் கதவு திறக்காத நாடு. கொரோனாவில் மூடி 2022 செப்டம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். எங்கள் வட்டத்தில் போனவர் ஒருவர்கூட இல்லை.

நமக்கு விசா வேண்டாம், பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும், ஆதார் செல்லாது என்பது வரை தெரியும். தலைக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் அரசுக் கட்டணம். 12 பேருக்கு ஆறு இரவுக்கு அதுவே 86,400 ஆகிறது; ஓட்டல், வண்டி எல்லாம் தனி. அதனால் நம் பக்க எல்லை ஊரான ஜெய்காவ்ன் வரை ரயிலிலும் காரிலும் போய், அதை ஒட்டிய பூட்டான் ஊரான புன்ட்ஷோலிங் வழியாக உள்ளே நுழையலாமா, இல்லை கொல்கத்தாவிலிருந்து பாரோவுக்கு விமானமே மேலா?

பெரிய கவலை தக்ட்சாங் என்ற புத்த மடம். 3,000 மீட்டருக்கு மேலே, பாறை விளிம்பில் இருக்கிறது. அத்தைக்கு 67 வயது, முழங்கால் வலி. "திருப்பதி மலை ஏறினவளுக்கு இதென்ன" என்கிறார். பாதி வழி வரை குதிரை உண்டாம். அதற்கப்புறம் வரும் படிகளை இந்த வயதில் ஏறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம், நான்கு பேர் சுத்த சைவம். மிளகாயும் சீஸுமாக எமா தட்சி கிடைக்கும், சரி. ஆறு நாளும் அதையேவா சாப்பிடுவது?