அப்பத்தாவுக்கு ஒரு துரும்பு

"எங்க காலத்துல எவ விவாகரத்துன்னு கோர்ட்டுப் படி ஏறுனா? சகிச்சுக்கிட்டு வாழ்ந்தோம்"னு இங்க நாலஞ்சு பேர் எழுதிட்டீங்க. எங்க வீட்டுக் கதை வேற.

போன வருசம் அக்கா மகளுக்குத் துணையா மதுரை குடும்ப நல கோர்ட்டுக்கு அலைஞ்சேன். ரெண்டு பேரும் சம்மதிச்சுப் போட்ட விவாகரத்து மனு, இந்து திருமணச் சட்டத்துல 13பி பிரிவு. ஒரு வருசம் பிரிஞ்சு இருந்தாத்தான் மனுவே போட முடியும், அப்புறம் ஆறு மாசம் காத்திருக்கணும். அந்த ஆறு மாசத்தை நீதிபதி தளர்த்தலாம்னு 2017ல உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். ஆனா மனு போடுறப்பவே பிரிஞ்சு ஒன்றரை வருசம் ஆகியிருக்கணுமாம், எங்களுக்கு ஆகல.

வராண்டாவுல மாப்பிள்ளைப் பையன் வந்து அவ ஹெல்மெட்டை நீட்டினான். "உன்னோடது, வீட்ல கெடந்துச்சு." வாங்கி மடியில வச்சுக்கிட்டா. சண்டைன்னு எதுவும் இல்ல.

அன்னைக்கு ராத்திரி அக்கா ஒரே அழுகை. "நம்ம வம்சத்துலயே இல்லாதது."

கட்டில்ல கெடந்த அப்பத்தா, தொண்ணூறு தாண்டியாச்சு, திரும்பிப் படுத்துச்சு. "எவடி சொன்னா? என்னையத் தீத்துவிட்டப்பெறகுதேன் ஒங்க தாத்தன் கட்டுனாரு."

யாருக்குமே தெரியாது! சுதந்திரத்துக்கு மறு வருசமாம். உசிலம்பட்டிக்கு மேக்க, ஊர் மந்தையில பஞ்சாயத்து. மொத புருசன் ஒரு துரும்பைக் கிள்ளிக் குடுத்தாரு, முடிஞ்சுபோச்சு. அடுத்த தையில தாத்தா.

வக்கீல்கிட்ட சொன்னேன், சிரிச்சாரு. வழக்கப்படி தீத்துக்கிறதை 1955ல வந்த அந்த இந்து திருமணச் சட்டமே 29(2) பிரிவுல விட்டுவச்சிருக்கு, ஆனா அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு கோர்ட்டுல நிரூபிக்கணும்னாரு. அதே சட்டத்துல சம்மதிச்சுப் பிரிய வழியைச் சேத்தது 1976லதான். அதுவரைக்கும் ஒருத்தர் மேல ஒருத்தர் குத்தம் சொல்லித்தான் ஆகணும். எவன் போவான்?

அதுக்காக மந்தையே மேல்னு நான் சொல்ல வரல. பேசினது பூரா ஆம்பளைக. அப்பத்தா வேப்பமரத்துக்குப் பின்னாடி நின்னு கேட்டிருக்கு. ஜீவனாம்சம்ங்கிற பேச்சே இல்ல. காதுல போட்டுப்போன தண்டட்டி என்னாச்சுன்னு கேட்டேன். "புள்ளையையே விட்டுட்டு வந்தேன், தண்டட்டியக் கேக்க வந்துட்டான்"னுச்சு.

ஒரு பொம்பளப் புள்ள. பால்குடி மறந்த வயசு. தகப்பன் வீட்டுக்குன்னு பஞ்சாயத்துல சொல்லிட்டாக.

"அது பேரு என்ன அப்பத்தா?"ன்னு அக்கா கேட்டா.

"ஒன் பேருதேன்"னுட்டு வெத்தலை உரலை இழுத்து இடிக்க ஆரம்பிச்சுருச்சு.