வீட்டைச் சுற்றித் தேங்கும் மழைத்தண்ணீர்: 3 அடி ஆழத்தில் ஓட்டை பைப் போடலாமா?

தங்கச்சிமடம்_கிழக்கு

வணக்கம். ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்தில் 5 சென்ட் மனை, 60க்கு 36 அடி. வீடு 900 சதுர அடி, மணல் தரை. தெருவில் ரோடு மேல் ரோடாகப் போட்டு இப்போது எங்கள் வாசலைவிட 8 இஞ்ச் உயர்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பெய்தால் தெருத்தண்ணீரும் சேர்ந்து பின்பக்கம் கணுக்காலுக்கு மேல் நிற்கிறது. வடிய நாலு நாள் ஆகிறது. சுவரில் ஈரம் ஏறி உப்புப் பூக்கிறது, கக்கூஸிலும் தண்ணீர் இறங்குவதில்லை.

மேற்கே 90 அடி தள்ளி ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதன் தரை எங்கள் பின்முற்றத்தைவிட 2 அடி கீழே. கார்த்திகையில் கிணற்றுத் தண்ணீர் தரையிலிருந்து இரண்டரை அடியில் நிற்கும். பின்பக்கம் 36 அடி, மேற்குப் பக்கம் 24 அடி, ஆக 60 அடிக்கு 3 அடி ஆழம் தோண்டி 4 இஞ்ச் ஓட்டை பைப் போட்டு, மூலையில் 6 உறை (சிமெண்ட் வளையம்) இறக்கி அதில் விடலாம் என்கிறார் கொத்தனார். இது சரிவருமா? என்ன பைப், எவ்வளவு ஜல்லி?

உச்சிப்புளி_சிவில்

3 அடி ஆழம் வேண்டாம். நீங்கள் கொடுத்த அளவுகளிலேயே காரணம் இருக்கிறது. வாய்க்கால் தரை 2 அடியில், ஊற்று இரண்டரை அடியில். 3 அடியில் கிடக்கும் பைப் கார்த்திகை முழுக்க நிலத்தடி நீருக்குள் மூழ்கித்தான் கிடக்கும். முற்றத்துத் தண்ணீர் அதில் இறங்க இடமே இருக்காது.

உறைக்குழியின் கணக்கையும் பாருங்கள். 3 அடி விட்டத்தில் 1 அடி உயர உறை ஒன்று ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளும். 6 உறை 1,200 லிட்டர். ஆனால் இரண்டரை அடிக்குக் கீழே ஏற்கெனவே ஊற்று நிற்பதால் உங்களுக்குக் கிடைப்பது 500 லிட்டர்தான். 5 சென்ட் என்பது 202 சதுர மீட்டர். 1 செ.மீ. மழைக்கே 2,000 லிட்டர் விழும். குழி நிறைந்த பிறகு அதைச் சுற்றியுள்ள மணலும் நிறைந்துதான் இருக்கும், உறிஞ்ச வழியில்லை.

அதற்காக உறைக்குழியே கூடாது என்று சொல்லவில்லை. புரட்டாசி, ஐப்பசித் தொடக்கத்தில் ஊற்று கீழே இருக்கும்போது மணல் வேகமாகக் குடிக்கும். தீவில் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதக்கும் நல்ல தண்ணீர்தான் கிணற்றைக் காப்பாற்றுகிறது. முதல் மழைகளைக் கடலுக்கு விரட்டுவது பெரிய நஷ்டம். மொட்டைமாடித் தண்ணீரைக் குழிக்கு விடுங்கள். நிறைந்தால் வழிய, தரையிலிருந்து 1 அடி கீழே ஒரு வழிபோக்கி வைத்து வெளிப் பைப்பில் சேருங்கள்.

இப்போது ஆழம். எல்லா அளவையும் பைப்பின் அடிப்பக்கத்துக்கு எடுங்கள். கிழக்கு முனையில் தரையிலிருந்து 12 இஞ்ச். 10 அடிக்கு அரை இஞ்ச் சரிவு கொடுத்தால் 60 அடியில் 3 இஞ்ச் இறங்கி 15 இஞ்ச். அங்கிருந்து வாய்க்காலுக்கு 90 அடி, அதே சரிவில் நாலரை இஞ்ச், முடிவில் 19.5 இஞ்ச். வாய்க்கால் தரை 24 இஞ்சில் இருக்கிறது, நாலரை இஞ்ச் மிச்சம். இதுவே 10 அடிக்கு 1 இஞ்ச் என்று வைத்தால் 27 இஞ்சில் போய் முடியும், அதாவது வாய்க்கால் தரைக்கும் கீழே. நம் கடலோரத்தில் சரிவு என்பது கஞ்சத்தனமாகச் செலவழிக்க வேண்டிய பொருள். பைப் வாங்குவதற்கு முன்னால் போக்கிடத்தின் மட்டத்தை அளந்தே ஆக வேண்டும்.

மட்டம் பார்க்க 50 அடி தெளிவான டியூப் போதும். உள்ளே ஒரு குமிழி நின்றாலும் மட்டம் பொய் சொல்லும். தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள்தூள் கலந்து, குமிழி எல்லாம் வெளியேறும்வரை டியூப்பைத் தட்டிவிடுங்கள். 10 அடிக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு முளையிலும் அரை இஞ்ச் இறக்கிக் குறி வைத்து நூல் கட்டுங்கள். கடப்பாரைக்காரர் கண்ணளவில் தோண்டினால் நடுவில் ஒரு குழிவு விழும். மணல் தங்கி அடைக்கும் இடம் அதுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வாசலைச் சரிசெய்யுங்கள். கேட்டுக்கு வெளியே ரோட்டு மட்டத்துக்கு மேல் 2 இஞ்ச் உயரத்தில் சிமெண்ட் திட்டு போட்டு, இருபுறமும் சாய்வு கொடுங்கள். அதைச் செய்யாவிட்டால் தெருத்தண்ணீர் முழுவதையும் உங்கள் பைப்தான் சுமக்க வேண்டும்.

பாம்பன்_பிளம்பிங்

சிவில் அண்ணன் சொன்ன ஆழத்துக்குச் சாமான் கணக்கு தருகிறேன்.

முற்றத்தின் 60 அடிக்கு 110 எம்.எம். எஸ்.டபிள்யூ.ஆர். பைப் (கழிவுநீர், மழைநீருக்கான பி.வி.சி. பைப்), 10 அடி நீளத்தில் 6. பள்ளம் 1 அடி அகலம், 14 முதல் 17 இஞ்ச் ஆழம். அடியில் 2 இஞ்ச் ஜல்லி, அதன் மேல் பைப், பிறகு தரைக்கு 4 இஞ்ச் கீழே வரை ஜல்லி. 20 எம்.எம். முக்கால் ஜல்லிதான், கழுவியது. சேதாரம் சேர்த்து 55 கன அடி, அதாவது அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். கிரஷர் தூசியோடு வரும் ஜல்லியைப் போட்டால் அந்தத் தூசியே துணியை உள்ளிருந்து அடைத்துவிடும்.

துணி என்றால் நெய்யாத ஜியோ துணி, 150 முதல் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை). பள்ளத்தில் முதலில் துணியை விரித்து, ஜல்லியும் பைப்பும் போட்டு, மேலே அரை அடி ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி மூட வேண்டும். நாலரை அடி அகலம் தேவைப்படும். ஒட்டுகளில் 1 அடி ஏற்றத்தோடு 30 சதுர மீட்டர் வாங்குங்கள். பச்சை நிழல்வலை, சிமெண்ட் சாக்கு இரண்டும் ஆகாது. வலையில் நம்மூர் மாவு மணல் அப்படியே இறங்கிவிடும். சாக்கு இற்றுப்போகும். பைப்பை மட்டும் துணியால் சுற்றி ஜல்லியை வெறுமனே விடுவதும் தவறு, ஜல்லி இடுக்குகளில் மணல் ஏறிவிடும்.

ஓட்டை 10 எம்.எம். பிட்டில், 6 இஞ்சுக்கு ஒன்று, இரண்டு வரிசை. பைப்பைக் கடிகாரமாக நினைத்தால் 4 மணி, 8 மணி இடங்களில். ஓட்டையை மேலே பார்க்க வைக்கிற வழக்கம் இங்கே நிறைய. அப்படி வைத்தால் பைப் உயரத்துக்குத் தண்ணீர் ஏறின பிறகுதான் உள்ளே இறங்கும். ஓட்டை போட்டதும் உள்ளே தொங்கும் பிசிறைச் சுரண்டி எடுங்கள், தென்னை வேர்நார் அதில்தான் சிக்கும்.

மூலையில் ஒரே 90 பெண்ட் வேண்டாம். இரண்டு 45 போட்டு, பக்கத்தில் ஒரு டோர் டீ (திறந்து சுத்தம் செய்ய மூடி உள்ள T இணைப்பு) வைத்து மூடியைத் தரைக்குக் கொண்டுவந்து விடுங்கள். கிழக்கு முனையிலும் ஒரு மூடி வேண்டும், ஹோஸ் விட்டுக் கழுவ.

வெளியே போகும் 90 அடி ஓட்டையில்லாத பைப், 160 எம்.எம். முற்றமும் மாடி வழிதலும் சேர்ந்தால், மணிக்கு 10 செ.மீ. மழையில் வினாடிக்கு ஐந்தரை லிட்டர் வரும். 110 பைப் இந்தச் சரிவில் வினாடிக்கு 5 லிட்டரைத் தொடாது. 160 அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் தள்ளும். மாடிக் குழாயை ஓட்டை பைப்பில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அந்தத் தண்ணீர் ஓட்டை வழியாக வெளியேறி அஸ்திவாரத்துப் பக்கமே ஊறும்.

மூடுவதற்கு முன் கிழக்கு முனையில் பத்து வாளி ஊற்றி வெளிமுனையில் பாருங்கள். தண்ணீர் வந்த பிறகும் எங்காவது தேங்கி நின்றால் அந்த இடத்தை அன்றைக்கே தூக்கிக் கட்டுங்கள்.

தங்கச்சிமடம்_கிழக்கு

நன்றி அண்ணே. இரண்டு சந்தேகம். பெருமழையில் வாய்க்காலே முக்கால்வாசி நிறைந்து ஓடும், அப்போது என்ன ஆகும்? வடமேற்கு மூலையில்தான் செப்டிக் டேங்கும் இரண்டு தென்னையும் இருக்கின்றன. பைப் அந்த வழியே போகலாமா?

தேவிபட்டினம்_வடிகால்

முதல் கேள்விதான் முக்கியம். வாய்க்காலில் 1 அடி தண்ணீர் ஓடினால் அதன் மேல்மட்டம் உங்கள் முற்றத்துக்கு 12 இஞ்ச் கீழே. அப்போது பைப்பின் அடிப்பக்கம் நெடுகவே அந்த மட்டத்திலோ அதற்குக் கீழேயோ போய்விடும். வடியும், ஆனால் மெதுவாக. ஒன்றரை அடி ஓடினால் பின்னோக்கித் தள்ளும். வெளிமுனையில் பி.வி.சி. மடல் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் மூடிக்கொள்வது) கட்டாயம் வையுங்கள். மடலுக்கு அடியில் ஒரு கருவேலங்குச்சி சிக்கினாலும் மூடாது. அதனால் முனையைச் சுற்றி 2 அடிக்குத் தளம் போட்டு, முன்னால் குப்பையைத் தடுக்கச் சட்டம் வையுங்கள். இரும்புச் சட்டம் நம் உப்புக்காற்றில் தாங்காது, பைபர் அல்லது சிமெண்ட் போதும்.

வால்வு மூடிக் கிடக்கும் நேரத்துக்கு ஒரு தொட்டி வேண்டும். முற்றப் பைப் முடியும் இடத்தில் உள்ளளவு இரண்டரை அடிக்கு இரண்டரை அடி, மூன்றடி ஆழம், அடியில் கான்கிரீட். அடி திறந்திருந்தால் ஊற்றுத் தண்ணீரை மோட்டார் நாளெல்லாம் இறைத்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் தொட்டி புதைத்தால் காலியாக இருக்கும்போது ஊற்று அதைத் தூக்கிவிடும். பைப் உள்ளே வரும் வாய்க்குக் கீழே ஒன்றே முக்கால் அடி மிச்சம் இருப்பதால் மணல் அங்கேயே படியும். அரை ஹெச்.பி. கழிவுநீர் மோட்டார், மிதவை சுவிட்சோடு. டெலிவரியில் நான்-ரிட்டர்ன் வால்வு. தனி லைன், ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். பெருமழையில் கரண்ட் போகும், வீட்டுச் சின்ன இன்வெர்ட்டர் மோட்டாரின் தொடக்க இழுப்பைத் தாங்காது. எனவே மோட்டாரை நம்பி வீட்டுத் தரையை விடாதீர்கள், வாசல் திட்டுதான் முதல் காவல். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த அளவு மழை உங்கள் மனையில் மட்டும் 80,000 லிட்டர். நாலு நாள் நின்றது ஒரே நாளில் வடிந்தால் வடிகால் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

செப்டிக் டேங்கைச் சுற்றி 15 அடிக்கு ஓட்டை பைப் கூடாது. அது கசிவை இழுத்து வாய்க்காலில் கொட்டும், பிறகு ஊரே உங்களிடம் வரும். அந்தப் பகுதியில் ஓட்டையில்லாத பைப்பாக மாற்றுங்கள். தென்னைக்கும் அதேதான், மரத்திலிருந்து 6 அடி. செப்டிக் டேங்க் மூடியை 1 அடி உயர்த்திப் பூசி, கக்கூஸ் பைப்பில் பின்னோட்டத் தடுப்பு வால்வு வையுங்கள். பள்ளம் சுவரிலிருந்து 3 அடி தள்ளியே இருக்கட்டும்.

தெருவைக் குறுக்கே வெட்டவும் வாய்க்காலில் விடவும் ஊராட்சியில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். அந்த வாய்க்கால் ஊரணிக்கு வரத்துக்காலாக இருந்தால் மழைத்தண்ணீர் தவிர ஒரு சொட்டு அடுப்படித் தண்ணீர்கூடப் போகக்கூடாது. ஜல்லிக்குப் பதிலாகக் கரையில் கிடக்கும் பவளக்கல்லை அள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது வன உயிரினச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, எடுத்தால் வழக்கு.

இதெல்லாம் மணல் தரைக்கு. எங்கள் பக்கம், திருப்பாலைக்குடி, தொண்டி வரை களிமண் இருக்கும் இடங்களில் ஓட்டை பைப் பெரிதாக இழுக்காது. அங்கே தரையைச் சரித்து, சல்லடை மூடி போட்ட சின்னத் தொட்டிகள் வைத்து, ஓட்டையில்லாத பைப்பில் கொண்டுபோவதுதான் வழி.

பாம்பன்_பிளம்பிங்

வேலையை ஆவணிக்குள் முடித்துவிடுங்கள், ஊற்று அப்போது ஆழத்தில் இருக்கும். கச்சான் காற்று (மேலக்காற்று) அடிக்கும் நாளில் பள்ளத்தைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள், ஒரே ராத்திரியில் ஜல்லி மேல் மணல் ஏறிவிடும். தோண்டிய அளவுக்கு அன்றன்றே துணியை மூடுங்கள். பிறகு ஒவ்வொரு புரட்டாசியிலும் இரண்டு மூடியையும் திறந்து ஹோஸ் விட்டு, தொட்டி மணலை அள்ளி, மடல் விரலால் தூக்கினால் லேசாக எழுகிறதா என்று பாருங்கள். தொட்டி மூடியில் கொசுவலை இருக்கட்டும்.